விளக்கும் விளக்கமும்

கற்றதைப் பிறர்க்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல இயலாதவரை முழுதும் கற்றவராக நம் முன்னோர் கருதியதில்லை. இவ்வளவுகோலை இன்றைய அறிவியல் கல்விக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

அண்மையில் மாணவர் கண்காட்சி ஒன்றில் சிறு மின்சுற்றொன்றைக் கண்டோம். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். மீண்டும் அழுத்தினால் அணையும். 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்க்கென உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை, ஓர் எல்.இ.டி., ஒரு மின்தடை, ஒரு பொத்தான், சில கம்பிகள். இவையே அதன் உறுப்புகள். "இம்மின்தடை எதற்கு?" என வினவினோம். சிலர் ஆங்கில வரியை ஒப்பித்தனர், பலர் வாளாவிருந்தனர். விளக்கு எரிந்தது, விளக்கம் பிறக்கவில்லை.

விடையோ எளிது. பலகை தருவது 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். எஞ்சிய 3 வோல்ட்டை 220 ஓம் மின்தடை ஏற்குமாயின், ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே பாயும். தடை இன்றேல் மின்னோட்டம் வரம்பு மீறி விளக்கையும் பலகையின் முனையையும் பாழாக்கக்கூடும்.

பொத்தானில் இன்னும் நுட்பம் உண்டு. எதனோடும் இணையாத முனை, சூழலிலுள்ள மின்னிரைச்சலுக்கேற்ப 0 என்றும் 1 என்றும் மாறி மாறிக் காட்டும். ஆதலின் கட்டுப்படுத்திக்குள்ளேயே அமைந்த தடை வழியே அதனை 5 வோல்ட்டோடு பிணைப்பர். அப்போது அழுத்தாத நிலையில் 1. அழுத்தி 0 வோல்ட்டோடு இணைத்தால் 0. "அழுத்தினால் ஏன் 0?" என மயங்கும் மாணவர் இக்காரணம் அறியின் தெளிவர்.

மேலும், பொத்தானுள் உள்ள உலோகத் தகடுகள் தொட்டவுடன் அடங்குவதில்லை. சில மில்லி நொடிகள் துள்ளிய பின்னரே அமைகின்றன. விரல் அழுத்தியது ஒருமுறை. நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளில் இயங்கும் ஆர்டுயினோ யூனோவோ அதனைப் பலமுறை எனக் கணக்கிட்டுவிடும். விளக்கு சில வேளை எரியும். சில வேளை எரியாது. முதல் மாற்றத்தைக் கண்டதும் 50 மில்லி நொடி பொறுத்து மீண்டும் நோக்குமாறு நிரலில் பணித்தால் பிழை நீங்கும். இதனை ஆங்கிலத்தார் 'பவுன்ஸ்' என்பர். கலிப்பாவின் ஓசையை அறிந்த நமக்குத் 'துள்ளல்' என்னும் சொல் ஆயத்தமாகவே இருக்கிறதன்றோ!

ஆங்கிலம் வேண்டா என்று நாம் கூறவில்லை. நிரல்மொழியும் உறுப்புகளின் குறிப்பேடுகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன; வேலைவாய்ப்பும் அதனை நாடுகிறது. சொல் எம்மொழியதாயினும் பொருள் தாய்மொழியில் விளங்க வேண்டும் என்பதே எம் வாதம். கலைச்சொல் இல்லை என்பாரும் உளர். மணவை முஸ்தபா (1935–2017) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அறிவியல் தமிழுக்கும் கலைச்சொல்லாக்கத்துக்கும் ஈந்து சென்றார். அவர் தொகுத்தவை நூலக அடுக்குகளில் உறங்க, சொல் இல்லை என நாம் கையை விரிப்பது முறையாமோ?

ஆகவே, ஆய்வுக்கூடப் பதிவேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கமேனும் தமிழில் விளக்கம் எழுதப்பெற வேண்டும். அதனைத் திருத்தும் பணியில் தமிழாசிரியரும் பங்கேற்க வேண்டும். இலக்கிய மாணவரும் ஒருமுறையேனும் இச்சுற்றைத் தம் கையால் அமைத்துப் பார்த்தல் நன்று. அறியாத பொருளுக்குச் சொல் படைத்தல் எவர்க்கும் அரிது. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பேராசிரியர்களின் மனமும் பெரியோர்களின் ஊக்கமுமே வேண்டும்.

அடுத்த கண்காட்சியில் விளக்கு எரியும்போது, அதனருகே நிற்கும் மாணவர் நாவிலும் விளக்கம் ஒளிர்வதாக!