டூ-லெட் பலகையும் சேரிக் கணக்கும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் எத்தனை 'ஃபர்னிஷ்டு' வீடு வேண்டும், யாருக்கு வேண்டும், எவ்வளவு வாடகை தாங்கும் என்று தரகர்களும் முதல் போட்டவர்களும் கணக்கெடுத்துக் கொண்டிருக்கிறார்கள். கட்டில், மெத்தை, ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் எல்லாம் போட்டு மூன்று மாதம், ஆறு மாதம், பதினோரு மாதம் என்று விடுகிற வீடு. அப்படியொரு படிவத்தைத் தமிழில் போட்டுத் தரும்படி எனக்குத் தெரிந்த ஒருவர் கேட்டார். 'எம்.ஏ. தமிழ் படிச்சவரு, உங்களுக்கு இது என்னா பெரிய வேல?' எந்தக் கம்பெனி, எத்தனை மாதம், எத்தனை பேர், கார் நிறுத்த இடம் வேண்டுமா என்று கேள்விகள். 'வீடு கேட்டு எத்தனை வாசலில் திருப்பி அனுப்பினார்கள்? என்ன கேட்டு அனுப்பினார்கள்?' என்பது இல்லை. சேர்க்கச் சொன்னேன். 'அதெல்லாம் மார்க்கெட்டுக்குள்ள வராது சார்' என்றார்.

என் சண்டை இந்த இடத்தில்தான். வாடகை கொடுத்துக் குடிவந்தவன்தான் கணக்கில் வருகிறான். வாசலோடு திரும்பிப் போனவன் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. தாளில் இல்லாததால் அவனுக்கு வீடே தேவையில்லை என்றாகிவிடுகிறது. பிறகு அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த கட்டடம் எழும்புகிறது.

படப்பைப் பக்கம் ஒரு மாடி போர்ஷனுக்கு நானும் போனவன்தான். அட்வான்ஸ் வரை பேசி முடித்தாயிற்று. கடைசியில், 'ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?' என்றார் அந்த அம்மா. 'காலனி' என்றேன். 'வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்.' சாயங்காலம் தங்கச்சி குடும்பம் குடிவரப் போவதாகப் பதில் வந்தது. ஒரு மாதம் கழித்தும் டூ-லெட் பலகை அங்கேயே தொங்கிக் கொண்டிருந்தது. கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னவர் என்று கதை சொல்கிறார்களே, அந்த ராமானுஜர் பிறந்த ஊர் இங்கிருந்து எத்தனை தூரம்?

1996இல் ஹூண்டாய் வந்தது. பின்னாலேயே கொரியக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மாட்டுக்கறி வறுத்தால் அது அவர்கள் நாட்டுப் பழக்கம். நாம் கருவாடு வறுத்தால் 'ஸ்மெல் வருது, ஓனர் ஒத்துக்க மாட்டாரு.' மூக்குக்குக்கூட இங்கே சாதி தெரிந்திருக்கிறது.

இந்த மாடிகள் எந்தப் பணத்தில் எழும்பின என்பதையும் பார்க்க வேண்டும். சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது பட்டா யார் பேரில் இருந்ததோ அவருக்கு இழப்பீடு. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவளுக்கு வேலை போனதுதான் மிச்சம். பட்டா ஏன் நம் பேரில் இல்லை? செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இலேயே எழுதி வைத்தான். சேரி நிற்கிற மனையையே மிராசுதார் தனது என்கிறான். 'காலி பண்ணு' என்ற ஒரே மிரட்டலில் பறையனைப் பண்ணையில் கட்டிப்போடுகிறான் என்று. அந்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அதை மீட்கக் காரணையில் இறங்கிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அன்றைக்கு மிராசுதார், இன்றைக்கு ஹவுஸ் ஓனர். 'காலி பண்ணு' மட்டும் மாறவில்லை.

மூன்று மாத, ஆறு மாத வீட்டுக்குத் தேவை எங்கிருந்து வருகிறது? ஆறு மாத வேலையிலிருந்து வருகிறது. அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று எடுப்பார்கள். 240 நாள் முடிவதற்குள் அனுப்புவதைக் கம்பெனிகள் எப்போதோ பழகிவிட்டன. 2018இல் ஒன்றிய அரசு 'குறித்த கால வேலை'யை எல்லாத் தொழிலுக்கும் திறந்துவிட்டது. நிரந்தர வேலை இருந்தால் ஒருவன் வீடு பார்ப்பான், பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வருவான், ரேஷன் கார்டு மாற்றுவான், ஓட்டுப் போடுவான், சங்கத்தில் சேருவான். பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறவனிடம் இந்தத் தொந்தரவு எதுவும் கிடையாது.

தொழிலாளிப் பெண்களுக்குக் கிடைத்த ஃபர்னிஷ்டு வீட்டை 2021 டிசம்பரில் உலகமே பார்த்தது. ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறைக்குள் நெருக்கியடித்துத் தரையில் படுத்திருந்தவர்கள் சென்னை – பெங்களூர் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆப்பிள் கண் விழித்தது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்க்குக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். நல்லது. முன்னே இருந்ததைவிட நூறு மடங்கு நல்லது. ஆனால் ஓர் அறைக்கு ஆறு பேர். அரசும் படுக்கையைத்தான் எண்ணுகிறது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானால், தாயைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள நினைத்தால், மறுபடியும் அந்த மாடி போர்ஷன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

'படிச்சு இஞ்சினியர் ஆனா யாரு கேக்கப் போறா?' என்று சில தோழர்களே சொல்கிறார்கள். டெல்லி வட்டாரத்தில் வீடு தேடியவர்களைப் பற்றி சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில் வந்தது. வாடகை கொடுக்க வசதியுள்ள தலித்துகளையும் முஸ்லிம்களையும்தான் அங்கே கதவைச் சாத்தி அனுப்பினார்கள். சிலரிடம் கூடுதல் வாடகை கேட்டார்கள். சம்பளம் ஏறினால் மறுக்கிற தோரணை கொஞ்சம் மரியாதையாகிறது, அவ்வளவுதான்.

1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காவது பிரிவில், தீண்டாமை காரணமாக ஒருவரை எந்த வட்டாரத்திலும் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. ஹவுஸ் ஓனர் சாதி பெயரைச் சொல்ல மாட்டான். 'தங்கச்சி வர்றா' என்பான். அதனால் நாமே ஒரு கணக்கெடுக்கலாம். வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம், படப்பை என்று தெருத் தெருவாக. திருப்பி அனுப்பிய தேதி, கேட்ட கேள்வி, சொன்ன சாக்கு, பலகை அதற்குப் பிறகு எத்தனை நாள் தொங்கியது – இந்த நான்கும் போதும். கல்லூரியில் இருக்கிற தோழர்கள் ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தைத் தமிழில் நான் போட்டுத் தருகிறேன்.