எடிட்டிங் கத்துக்க ஒன்றரை லட்சம் கடன் வேணுமா? ஒரு ஷிஃப்ட் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். டிப்ளமோ முடிச்சவர், சம்பளம் 20,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக கைக்கு வர்றது 18,000 சொச்சம். அவருக்கு சினிமா எடிட்டர் ஆகணும். 95,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப் பார்த்து வச்சிருக்கார். சென்னையில ஒரு எடிட்டிங் கோர்ஸுக்கு 55,000 ஃபீஸ். ரெண்டுக்கும் சேர்த்து பர்சனல் லோன் போடலாமா, இல்ல பி.எஃப். பணத்தை எடுக்கலாமானு கேட்டிருந்தார்.

திருவள்ளூர்ல இருந்து, காக்களூர்ல இருந்து, பொன்னேரியில இருந்து இதே மாதிரி கேள்வி இதுக்கு முன்னாடியும் வந்திருக்கு. அதனால தனியா பதில் போடாம இங்கயே எழுதறேன். என் கருத்து நேராவே சொல்லிடறேன்: எடிட்டிங் கத்துக்கங்க, கடன் வாங்காதீங்க.

முதல்ல கடன் கணக்கு. ஒன்றரை லட்சம், 15% வட்டி, 18 மாசம்னு வச்சுக்கிட்டா மாசத் தவணை 9,350 ரூபாய் கிட்ட வரும். கையில வர்ற 18,000-ல பாதிக்கு மேல போயிடும். மிச்சத்துல ரூம் வாடகை, மெஸ், ட்ரெயின் பாஸ், வீட்டுக்கு அனுப்பற பணம். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வேலையை விட்டுட்டு எடிட்டரா போறதுக்காக வாங்கின கடன், 18 மாசத்துக்கு அந்த வேலையை விடவே முடியாம பண்ணிடும். நடுவுல ஒரு நல்ல எடிட்டர் "நாளைக்கு வந்து சேர்ந்துக்கோ, சாப்பாடும் பேட்டாவும் தர்றேன்"னு கூப்பிட்டா போக முடியுமா? தவணை தேதி விடாது.

பி.எஃப். பத்தி சுருக்கமா: 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா அதுக்கு வரி வரலாம். லேப்டாப் வாங்கறதுக்காக அதைத் தொடாதீங்க.

சரி, இப்ப சாமான் விஷயம். 2019-ல வந்த 'பாரசைட்' கொரியன் படம் தெரியும்ல? ஆஸ்கர்ல சிறந்த படம், எடிட்டிங்குக்கும் நாமினேஷன். அந்தப் படத்தை எடிட் பண்ணது ஃபைனல் கட் ப்ரோ 7-ல. ஆப்பிள் கம்பெனி அந்த சாஃப்ட்வேரை 2011-லயே கைவிட்டுட்டாங்க. கம்பெனியே கைவிட்ட சாமான்ல உலகமே பார்த்த படம் வெட்டப்பட்டிருக்கு. நம்ம ஊர்லயும் மூவியோலாவுல ஃபிலிமைக் கையால வெட்டி ஒட்டின காலத்துலயே வேலையை முழுசா கத்துக்கிட்டவங்க இருந்தாங்க. பீ. லெனின் மாதிரி ஆட்கள் தேசிய விருது வாங்கினாங்க. 1994-ல வந்த 'மகாநதி'யிலதான் அவிட் கம்ப்யூட்டர் எடிட்டிங் இந்தியாவுக்கே வந்ததுனு சொல்வாங்க. சாமான் மாறிக்கிட்டேதான் இருக்கும். எந்த இடத்துல வெட்டணும்கிற அறிவு மட்டும்தான் கூட வரும்.

இன்னைக்கு அந்த அறிவுக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் இலவசமாவே இருக்கு. டாவின்சி ரிசால்வ்னு ஒரு சாஃப்ட்வேர். ஆஸ்திரேலியாவுல இருக்கிற பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனியோடது. பெரிய சினிமாக்களுக்குக் கலர் பண்றதே அதுலதான். அதோட இலவசப் பதிப்புல எடிட்டிங், கலர், சவுண்ட், கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கு. 4கே வரைக்கும் எடுக்கலாம், வாட்டர்மார்க் வராது. காசு கொடுத்து வாங்கற ஸ்டுடியோ பதிப்பும் அமெரிக்க விலையில 295 டாலர், அதுவும் ஒரே தடவைதான், மாசச் சந்தா இல்ல. அதை விட முக்கியம், அவங்க வெப்சைட்ல பயிற்சிப் புத்தகங்களை பி.டி.எஃப்.பா சும்மாவே தர்றாங்க. பழகறதுக்கு ஃபுட்டேஜும் கூடவே கிடைக்கும். இங்கிலீஷ்லதான் இருக்கு, ஆனா மெஷின் மேனுவல் படிச்சுப் பழகின உங்களுக்கு அது பெரிய விஷயமில்ல.

உங்க லேப்டாப் 8 ஜி.பி. ரேம்னா ரிசால்வ் திணறும், அது உண்மை. 16 ஜி.பி. இருந்தா நல்லது. அதுக்கு முழு லேப்டாப்பையும் மாத்த வேண்டாம். ரேம் கூட்டற வசதி இருக்கானு ரிச்சி ஸ்ட்ரீட்ல காட்டிக் கேளுங்க. அதோட ப்ராக்ஸினு ஒரு வழி இருக்கு: பெரிய ஃபைலுக்குப் பதிலா சின்ன காப்பி போட்டு எடிட் பண்ணிட்டு, கடைசியில ஒரிஜினலோட சேர்க்கறது. அதுவும் ஓடலைன்னா ஷாட்கட், கேடென்லைவ் மாதிரி லேசான இலவச சாஃப்ட்வேர்ல ஆரம்பிங்க. கிராக் பண்ண சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போகாதீங்க. அதே லேப்டாப்லதானே நெட் பேங்கிங் பண்றீங்க?

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். சேனல் ஆரம்பிச்சப்ப ஒரு சாஃப்ட்வேருக்கு 14 மாசம் சந்தா கட்டினேன். அதுல நான் உருப்படியா பயன்படுத்தினது வெட்டறது, எழுத்து போடறது, சத்தத்தை ஏத்தி இறக்கறது, அவ்வளவுதான். பணம் போச்சுங்கறதை விட, பேக்கப் எடுக்க ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்காம அந்தப் பணத்தை அங்க விட்டேனேங்கறதுதான் வலிச்சது. ஒரு நாள் டிஸ்க் போய் ரெண்டு வார ஷூட் காலி. காசு செலவழிக்கணும்னா முதல் செலவு ரெண்டு டிஸ்க், அடுத்தது நல்ல ஹெட்ஃபோன்.

இப்ப வருமானம். "ஃப்ரீலான்ஸ் எடிட்டிங்ல சைடா சம்பாதிக்கலாம்"னு ரீல்ஸ்ல அடிச்சு விடறாங்க. கணக்கு போடுவோம். புதுசா வர்றவருக்கு பத்து நிமிஷ வீடியோவுக்கு 1,500 ரூபாய் கிடைக்குதுனு வச்சுக்கோங்க. கரெக்‌ஷனோட சேர்த்து 9 மணி நேரம் ஆகும். மணிக்கு 167 ரூபாய். உங்க கம்பெனியில? 20,000-ஐ 26 நாளால வகுத்து, 8 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 96. ஓவர்டைம்னா சட்டப்படி ரெட்டை சம்பளம், அதாவது 192. ஆக, முதல் வருஷம் எடிட்டிங்கை விட ஓ.டி.தான் லாபம்!

இதைப் பார்த்து விட்டுடுங்கனு சொல்லல. ஓ.டி. ரேட் பத்து வருஷம் கழிச்சும் உங்க சம்பளத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும், எடிட்டிங் அப்படியில்ல. ஆனா முதல் வருஷ எடிட்டிங்கை வருமானம்னு பட்ஜெட்ல எழுதாதீங்க. படிப்புச் செலவுனு எழுதுங்க. மாசம் 2,000, அதுக்கு மேல ஒரு பைசா இல்ல. ரெண்டு ஓ.டி. ஷிஃப்ட் அதைத் தாண்டியே கொடுக்கும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாத விஷயம். வடபழனி, சாலிகிராமத்துல வேலை தேடற ஆயிரம் பேருக்கு இல்லாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு: ஷாப் ஃப்ளோர் தெரியும். பாதுகாப்புப் பயிற்சி, புது ஆளுக்கு மெஷின் காட்டற வீடியோ, இந்தி, ஒடியா பேசற தொழிலாளிங்களுக்குப் புரியற மாதிரி விளக்கம், இதெல்லாம் நம்ம பகுதி கம்பெனிகளுக்குத் தேவை. எந்த ஷாட்ல கை எங்க இருக்கணும்னு உங்களுக்குத் தெரியும், சினிமா எடிட்டருக்குத் தெரியாது. ஆனா உங்க கம்பெனியில ஹெச்.ஆர். அனுமதி இல்லாம ஒரு ஃப்ரேம் கூட எடுக்காதீங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வெளி வேலை பத்தி என்ன போட்டிருக்குனும் படிச்சிடுங்க.

சினிமாதான் வேணும்னா ரெண்டு வழி. தரமணியில அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துல எடிட்டிங்குக்குனே பட்டப்படிப்பு இருக்கு. முழுநேரம், அதனால ஷிஃப்டோட ஒத்துவராது. இல்லன்னா ஒரு எடிட்டர்கிட்ட அசிஸ்டென்ட். அங்க முதல்ல கிடைக்கிற வேலை ஃபுட்டேஜுக்குப் பேர் வைக்கறது, சவுண்ட் சிங்க் பண்றது, பேக்கப் எடுக்கறது. இந்த மூணையும் உங்க ரூம்லயே பழகிட்டுப் போகலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல சென்ட்ரல், அங்க இருந்து மெட்ரோல வடபழனி. வார விடுமுறையில ஒரு தடவை போய் வந்து, போக வர எவ்வளவு நேரம் ஆகுதுனு முதல்ல பாருங்க.

அப்புறம் வரி. சினிமா வேலைக்குப் பணம் வரும்போது பெரும்பாலும் 10% டி.டி.எஸ். பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. ரிட்டர்ன் போட்டாதான் திரும்ப வரும். வருமான வரி விதிகள்ல 'ஃபிலிம் ஆர்ட்டிஸ்ட்' பட்டியல்ல எடிட்டர் பேரும் இருக்கு தெரியுமா? அதுக்குத் தனியா ஒரு வீடியோ போடறேன்.

தம்பிக்கு நான் எழுதின பதில் இவ்வளவுதான்: ஆறு மாசம், இருக்கிற லேப்டாப், மாசம் 2,000. லோன் தவணைக்குக் கட்டறதா இருந்த மிச்சம் 7,350 ஆர்.டி.யில. ஆறு மாசத்துல 44,000 சேரும், மூணு வீடியோவாவது முடிஞ்சிருக்கும். அந்த மூணையும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். லேப்டாப் பேச்சை அப்ப எடுக்கலாம்.