எடை மெஷினும் ஓட்டக்காரர்களும்

அறுபதைத் தாண்டியவர்களும் இப்போது மாரத்தான் ஓடுகிறார்கள். நல்லதுதான், ஓடட்டும். ஆனால் ஓடி முடித்த கையோடு எடை மெஷினில் ஏறி, "ஒரு கிலோ குறைஞ்சிடுச்சு" என்று புதுச்சேரி கடற்கரைச் சாலை முழுக்கச் சொல்லித் திரிவதைத்தான் சகிக்க முடியவில்லை.

குறைந்தது கொழுப்பு இல்லை ஐயா, வியர்வை! 60 கிலோ ஆள் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ ஏறக்குறைய 7,700. அத்தனையும் கொழுப்பிலிருந்தே போனாலும் 80 கிராம் தேறாது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த ஒரு கிலோ திரும்ப வந்துவிடும்.

இதைவிட மோசம், போட்டி வாரத்தில் சோற்றை நிறுத்துகிறவர்கள். (அதைப் பெருமையாக வேறு சொல்வார்கள்.) உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வடியும். மெஷினில் எண் இறங்கும், முப்பதாவது கிலோமீட்டரில் காலும் ஓய்ந்துவிடும். நம் வயதில் பட்டினி கிடந்தால் தொடைச் சதையும் கரையும். அது லேசில் திரும்பாது.

எடை பார்த்தே தீர வேண்டுமென்றால் வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது, எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.