ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டால், அழுகை ஓய்ந்ததும் நடக்கிற முதல் வேலை, டிரங்குப் பெட்டியைக் குடைந்து அவருடைய பழைய போட்டோவைத் தேடுவது. கிடைத்ததும் பேரனோ மருமகனோ அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுவார். "லேமினேஷன் பண்ணிடுங்க சார், காலத்துக்கும் கெடாது" என்பார் கடைக்காரர். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் பலகையில் ஒட்டி, பளபளவென்று வந்துவிடும். எல்லோருக்கும் திருப்தி.

காலத்துக்கும் கெடாதாம்! தமிழ்நாட்டில் இதைவிட அதிகமான போட்டோக்களைக் கொன்ற வாக்கியம் வேறு இருக்க முடியாது.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரே ஒரு பிரதி மட்டுமே இருக்கிற படத்தை எதன் மேலும் ஒட்டக் கூடாது. எதையும் அதன் மேல் ஒட்டவும் கூடாது. நகலை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். பலகையில் ஒட்டட்டும், சந்தனம் குங்குமம் வைக்கட்டும், சீரியல் லைட் போடட்டும். அசல் மேல் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பிடிவாதம்?

பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பது ஒரு காகிதம், அதன் மேல் மெல்லிய ஜெலட்டின் படலம், அதற்குள் வெள்ளித் துகள்கள். தாத்தாவின் முகம் இருப்பது அந்த ஜெலட்டினுக்குள். ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பும். பூஞ்சைக்கு அது சாப்பாடு. இதன் முகத்தில் பிளாஸ்டிக் பிலிமை ஒட்டி, முதுகில் மரத்தூள் பலகையை ஒட்டினால் என்ன ஆகும்? நாலு மழைக்காலம் போனதும் ஓரங்களில் ஈரம் இறங்கும், பிலிம் கிளம்பும், வெள்ளை வெள்ளையாகக் குமிழி கட்டும். சரி, பிலிமை உரித்துவிடலாம் என்று பார்த்தால் தாத்தாவின் மூக்கும் சேர்ந்து வரும். பலகையிலிருந்து கசியும் அமிலம் ஒரு பக்கம். சுவர் வழியாக வரும் கரையான் இன்னொரு பக்கம். பலகை அதற்கு விருந்து, படம் பாயசம்.

இன்னொரு இழப்பை யாரும் கவனிப்பதே இல்லை. படத்தின் பின்பக்கம்! ஸ்டூடியோ முத்திரை, ஊர் பெயர், தேதி, பாட்டியின் கையெழுத்தில் "சின்னவன் பிறந்த வருஷம்" என்று ஒரு வரி. பசை தடவிய அடுத்த நொடி அத்தனையும் போச்சு. பாண்டிச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்கிஷமாகத் தெரிவது வீட்டுக்காரர்களுக்கு ஒட்டுப் பலகைச் சமாச்சாரமாகத் தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், பாட்டி காலத்து ஆல்பம் இதைச் சரியாகச் செய்தது. கறுப்பு அட்டைப் பக்கம், நாலு முனைக்கும் முக்கோணக் கார்னர், நடுவில் வெண்ணெய்த் தாள். படத்தில் ஒரு துளி பசை கிடையாது. பிறகு நாகரிகம் வந்தது! பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் ஆல்பம். இன்றைக்கு அதைத் திறந்து பாருங்கள். பக்கம் பழுப்பாகி, படம் பக்கத்தோடு ஐக்கியமாகியிருக்கும். பாட்டியின் ஆல்பத்தில் இருந்து மட்டும் இப்போதும் படத்தைக் கழற்றலாம்.

சரி, ஒட்டாமல் எப்படி பிரேம் போடுவது?

1. கார்னர். அமிலமில்லாத தாளை மடித்துச் செய்த முக்கோணப் பைகளை அட்டையில் ஒட்டி, படத்தின் முனைகளை அதில் செருக வேண்டும். பசை தொடுவது அட்டையை மட்டும். வீட்டுப் படங்களுக்கு இதுவே போதும்.

2. கீல் முறை. படம் பெரிதாக இருந்தால் கார்னர் தாங்காது, நடுவில் தொய்யும். அப்போது மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுவார்கள். தேவைப்பட்டால் லேசாக ஈரப்படுத்திக் கழற்றிவிடலாம். ஆனால் இது கை தேர்ந்தவர் செய்யும் வேலை.

3. டிரை மவுண்டிங். படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு தாளை வைத்து, கிட்டத்தட்ட 80, 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவது. தட்டையாக நிற்பதில் இதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சில வகைத் தாள்களை மட்டுமே மறுபடி சூடாக்கிப் பிரிக்க முடியும், அதிலும் ரிஸ்க். இது புதுப் பிரிண்டுக்கு, அதுவும் சூடு தாங்கும் பிரிண்டுக்கு மட்டும்.

எதுவாக இருந்தாலும் முன்னால் ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று அவசியம். கண்ணாடி நேராகப் படத்தைத் தொட்டால் ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அட்டை வாங்கும்போது "ஆசிட் ஃப்ரீ" என்ற லேபிளை மட்டும் நம்பக் கூடாது. போட்டோவோடு சேர்ந்திருக்கத் தகுதியா என்று சோதிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ 18916 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் தேறிய அட்டையா என்று கேட்க வேண்டும்.

இங்கேதான் விவரமானவர்கள் கொடி பிடிப்பார்கள். "ஆன்சல் ஆடம்ஸே டிரை மவுண்ட் பண்ணினாரே? ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' 2011இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனதே, அது அக்ரிலிக்கில் ஒட்டிய படம்தானே?"

உண்மைதான். ஆனால் ஆடம்ஸிடம் நெகட்டிவ் இருந்தது. ஒன்று கெட்டால் இருட்டறைக்குப் போய் இன்னொன்று போட்டுக்கொள்வார். குர்ஸ்கியின் அந்தப் படத்துக்கு ஆறு பிரதிகள் உண்டு. தாத்தாவுக்கு? நெகட்டிவ் ஸ்டூடியோவோடு போயிற்று, ஸ்டூடியோ செல்போன் கடை ஆயிற்று. மிச்சம் அந்த ஒற்றைக் காகிதம். அதை வைத்து ரிஸ்க் எடுப்பது முதலுக்கே மோசம்.

அடுத்த கட்சி, "ஸ்கேன் பண்ணிட்டோமே, அசல் எதுக்கு?" என்பது. ஸ்கேன் நல்லது, அவசியமும்கூட. ஒட்டக் கொடுக்க வேண்டியதே அந்த ஸ்கேனில் இருந்து போட்ட பிரிண்டைத்தான். ஆனால் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது? பழைய சிடியில்? பாஸ்வேர்ட் மறந்த மெயிலில்? வெள்ளிப் படம் ஒழுங்காக வைத்தால் நூறு வருஷம் தாண்டும். அதைத் திறக்க கரண்ட் கூட வேண்டாம்.

ஆகவே மவுண்டிங் முறையைத் தேர்ந்தெடுக்க அழகு, விலை, பளபளப்பு எல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இதை மறுபடி கழற்ற முடியுமா?" முடியாது என்று பதில் வந்தால், கொடுக்க வேண்டியது நகலை. அசல் வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

டிஸ்கி: ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் உரிக்கிறேன் பேர்வழி என்று பிளேடை எடுத்துவிட வேண்டாம். இருக்கிற நிலையிலேயே நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு, ஈரச் சுவரில் இருந்து மட்டும் உடனே இறக்கிவிடுங்கள். :-)