ஈறுகளில் கசியும் இரத்தம்

பல் வலி வந்தால் பதறிப்போய் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். ஈறுகளில் இரத்தம் கசிந்தால் மட்டும், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வலிதான் இல்லையே, பிறகென்ன என்பது நமது எண்ணம். வலிக்காமலேயே வளர்வதுதான் ஈறுநோயின் பெரிய ஆபத்து. சொத்தை விழுந்த பல்லையாவது அடைத்துக் காப்பாற்றலாம். சொத்தை சிறிதுமில்லாத நல்ல பல், தன்னைத் தாங்கிய எலும்பு கரைந்து ஆடத் தொடங்கிவிட்டால், அதைப் பிடித்து நிறுத்துவது அரிதிலும் அரிது.

நோய் தொடங்கும் விதம்

பல்லும் ஈறும் சேருமிடத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிசுபிசுப்பான படலம் ஒன்று நாள்தோறும் படிகிறது. அது கோடிக்கணக்கான நுண்கிருமிகளின் குடியிருப்பு. அதை அகற்றாமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடும். கிருமிகளின் நச்சால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இது முதல் நிலை. இந்நிலையில் முழுமையாகக் குணமாக்கிவிட முடியும்.

1965ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் இதனை நிரூபித்தனர். ஆரோக்கியமான ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறுகளில் அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின.

கவனிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கும் அதே அறிஞர் விடை தேடினார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், முறையாகப் பல் துலக்கும் வழக்கமில்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை அவருடைய குழுவினர் தொடர்ந்து பரிசோதித்தனர். சுமார் 11 சதவிகிதத்தினருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. 81 சதவிகிதத்தினருக்கு எலும்பு மெதுவாகக் கரைந்தது. எஞ்சிய 8 சதவிகிதத்தினருக்கோ நோய் விரைந்து பரவி, 45 வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் பறித்துக்கொண்டது. இந்த மூன்று பிரிவினரில் நாம் யார் என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே, ‘என் பாட்டனார் பல்லே துலக்காமல் எண்பது வயது வரை கறி கடித்தார்’ என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

யாருக்குக் கூடுதல் ஆபத்து?

சர்க்கரை நோய் உள்ளவர்களை ஈறுநோய் எளிதில் பற்றுகிறது. அதுமட்டுமன்று, ஈறுகளில் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறுகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரையின் அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

புகைப்பவர்களின் நிலை இன்னும் விபரீதமானது. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவர்களது ஈறுகளில் இரத்தம் அதிகம் கசிவதில்லை. எச்சரிக்கை மணி ஒலிக்காமலேயே வீடு எரிகிறது! வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். அது ஈறுகளைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது.

கருவுற்ற பெண்களுக்கு இயக்குநீர் மாற்றங்களால் ஈறுகள் எளிதில் வீங்குகின்றன. ‘பிள்ளைப்பேறு முடியட்டும்’ என்று காத்திருக்க வேண்டியதில்லை. பற்களைச் சுத்தம் செய்துகொள்வதால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கில்லை. நடு மூன்று மாதங்கள் அதற்கு மிகவும் வசதியானவை. வலிப்பு நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளாலும் ஈறு தடிக்கலாம். ஆகவே, உட்கொள்ளும் மருந்துகளைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். நாமாக அவற்றை நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவர் என்ன செய்வார்?

அளவு குறித்த மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு ஆழத்தைப் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதற்கு மேல் போனால் அங்கே பை போன்ற பள்ளம் உருவாகியிருக்கிறது என்று பொருள். எலும்பின் நிலையறிய எக்ஸ்ரே எடுப்பார். பிறகு அதிர்வுக் கருவியால் காரையை அகற்றுவார். பள்ளம் ஆழமாயிருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்வார். அதற்கும் கட்டுப்படாவிட்டால்தான் ஈறைத் திறந்து செய்யும் சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. நோய் மேலும் முன்னேறாமல் தடுப்பதே சிகிச்சையின் நோக்கம்.

‘சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழுந்துவிடும்’ என்ற அச்சம் நம்மவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மை வேறு. எலும்பை இழந்து ஏற்கனவே ஆடும் பல்லைக் காரை சிமெண்டுபோல் ஒட்டிவைத்திருக்கும். அதை அகற்றியதும், நோய் முன்பே உண்டாக்கிய ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. சில நாட்கள் பல் கூசுவதும் இயல்பே.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

மென்மையான பிரஷ்ஷைக் கொண்டு காலையிலும் இரவு உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்கவேண்டும். பிரஷ்ஷின் இழைகள் ஈறின் ஓரத்தில் சற்றுச் சாய்வாகப் படவேண்டும். அழுத்தித் தேய்ப்பது ஈறைத் தேய்த்துவிடும். செங்கல் தூளும் கரித்தூளும் பல்லுக்குப் பகை. பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்ய அதற்கான நூலோ சிறு பிரஷ்ஷோ பயன்படுத்தலாம். துலக்கும்போது இரத்தம் வருகிறதென்று துலக்குவதை விட்டுவிடுவது தவறு. துலக்காததால்தான் இரத்தம் வருகிறது.

மிஸ்வாக் செய்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத். அதற்குரிய ‘அராக்’ மரத்தைத் தமிழில் உகா என்பர். முறையாகப் பயன்படுத்தினால் அது படலத்தை நன்கு அகற்றுகிறது. நுனியை மென்று இழைகளாக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் தேய்க்கவேண்டும். நைந்துபோன நுனியை வெட்டிவிட்டுப் புதிய நுனியைப் பயன்படுத்தவேண்டும். சட்டைப் பையில் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் குச்சி ஈறைக் கிழிக்கும். உட்புறப் பற்களிலும் இடுக்குகளிலும் குச்சி எளிதில் எட்டாது என்பதால், பிரஷ்ஷையும் உடன் பயன்படுத்துவது நல்லது.

நோன்பு காலத்தில் சிகிச்சை பெறலாமா என்று பலர் ஐயுறுகின்றனர். பல் சுத்தம் செய்வதும் பிடுங்குவதும், தொண்டைக்குச் செல்வதை விழுங்காமல் தவிர்த்தால், நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997ஆம் ஆண்டு கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. மனநிறைவு வேண்டுவோர் உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நோன்பு திறந்தபின் இரவு நேரத்தில் செல்வதும் எளிய வழியே. ஸஹர் உணவுக்குப் பின் துலக்குவதை மட்டும் தவற விடாதீர்கள்.

வீட்டில் ஒவ்வொருவரையும் இன்றிரவு விசாரித்துப் பாருங்கள். குடும்பத்தார் அனைவரையும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத் தம் ஈறில் வழியும் இரத்தத்தைச் சொல்லாமல் இருப்பவர் பெரும்பாலும் உம்மாவாகத்தான் இருப்பார். முதலில் அவரை அழைத்துச் செல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் குழந்தைகளின் பால் பற்களைப் பற்றிக் காண்போம்.