கொன்றவர் எங்கே?

ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற சிறுசொல் கோக்கும் பெயர்த்தொடர்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்றான 'தி ஷூட்டிங் ஆஃப் தி ஹன்டர்ஸ்' என்பதை 1957-இல் வெளிவந்த தம் நூலில் நோம் சாம்ஸ்கி எடுத்துக்காட்டினார். வேடர்கள் சுட்டார்களா, வேடர்களை யாரேனும் சுட்டார்களா? தொடர் இரண்டுக்கும் இடம் தருகிறது. 'புலிகொல் யானை'யில் நம் உரையாசிரியர்கள் ஆராய்ந்ததும் இத்தகைய மயக்கத்தைத்தான். தொல்காப்பியம் அதைத் தடுமாறு தொழிற்பெயர் என்றது.

இலக்கண நூலில் இது சுவையான புதிர். செய்தித்தாளில் அவ்வாறன்று. 'தி கில்லிங் ஆஃப் சிவிலியன்ஸ்' என்னும்போது மாண்டவர் குடிமக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வினை பெயராகிவிட்டதால் எழுவாய் தேவைப்படுவதில்லை. கொன்றவர் ஓசையின்றி வெளியேறிவிடுகிறார். 'பை' என்ற சொல்லைச் சேர்த்து அவரையும் சுட்ட ஆங்கிலத்தில் வழியுண்டு. அது கட்டாயமில்லை என்பதே அதிகாரத்துக்கு வசதி. ஊர்கள்மீது குண்டு பொழிவதைப் 'பாசிஃபிகேஷன்', அதாவது அமைதிப்படுத்தல், என்று பெயராக்கிய அரசியல் உரைநடையை ஜார்ஜ் ஆர்வெல் 1946-இலேயே சாடினார்.

'குடிமக்கள் படுகொலை' என்று தமிழாக்கும் நாமும் அதே வாயில் வழியே கொன்றவரைத் தப்பவிடுகிறோம். மூலம் சொல்லாததை நாம் இட்டு நிரப்ப வேண்டா. பெயருக்குள் உறங்கும் வினையை எழுப்பி, அதன் எழுவாய் யார் என்றேனும் கேட்போம்.