தாழம்பூவும் ஈர்ப்பலையும்

கார்த்திகை நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. திருவண்ணாமலையில் அயனும் மாலும் அடிமுடி தேடிய சோதிப் பிழம்பு வேறொன்றுமில்லை, இன்றைய விஞ்ஞானம் சொல்லும் காமாக் கதிர் வெடிப்புதான். நம் முன்னோர் அதை அன்றே அறிந்திருந்தனர் என்பது அந்தப் பேச்சு. சொல்பவரின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இப்படிச் சொல்வதால் புராணமும் சிறுத்துப்போகிறது, விஞ்ஞானமும் சிறுத்துப்போகிறது. அக்கதைக்கும் இந்த விஞ்ஞானத்துக்கும் உறவு உண்டுதான். அது சோதியில் இல்லை, சாட்சியில் இருக்கிறது.

கதையைச் சற்றே நினைவுகூர்வோம். பன்றி உருவெடுத்து நிலத்தை அகழ்ந்து சென்ற திருமால் அடியைக் காணவில்லை. திரும்பி வந்து, காணவில்லை என்றே சொன்னார். அன்னமாகிப் பறந்த பிரம்மாவும் முடியைக் காணவில்லை. ஆனால் மேலிருந்து வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி, கண்டேன் என்றார். பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமற்போனதும், தாழம்பூ சிவபூசைக்கு ஆகாமற்போனதும் அதனால்தான் என்கிறது புராணம். தேடிக் காணாமற்போனது அங்கே குற்றமே அல்ல. காணாததைக் கண்டதாகச் சொன்னதே குற்றம்.

இனி விண்ணுக்கு வருவோம். காமாக் கதிர் வெடிப்பை முதன்முதலில் பதிவு செய்தவை, அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள். 1967-இல் பதிவானது, 1973-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இவற்றுள் இரண்டு விநாடிக்கும் குறைவாக நீடிக்கும் குறுவெடிப்புகள், இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணையும்போது எழுகின்றன என்ற ஊகம் நெடுநாள் நிலவியது. ஊகம் சரியென்றால் அம்மோதல் வெளியையும் காலத்தையும் அதிரச்செய்து ஈர்ப்பலைகளையும் அனுப்பியாக வேண்டும். வெடிப்பின் கணமும் திசையும் தெரிந்துவிட்டால், ஈர்ப்பலைக் கருவியின் பதிவில் அந்தச் சில விநாடிகளை மட்டும் துருவிப் பார்க்கலாம்.

துருவுவது எளிதன்று. நான்கு கிலோமீட்டர் நீளக் கரங்களை உடைய லைகோ கருவி, ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற அளவு மாற்றத்தைத் தேடுகிறது. கடலலையும் நில அதிர்வும்கூட அதில் இரைச்சலாக வந்து சேரும். தாழம்பூக்கள் மலிந்த இடம் அது.

2007 பிப்ரவரி 1 அன்று ஒரு குறுவெடிப்பு, நம் அண்டை மண்டலமான ஆன்ட்ரோமீடாவின் திசையிலிருந்து வந்தது. ஆன்ட்ரோமீடா இருப்பது சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில்தான். அங்கே நியூட்ரான் விண்மீன்கள் மோதியிருந்தால் லைகோ உணர்ந்திருக்க வேண்டும். பதிவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றே எழுதினார்கள். ஆனால் அந்த ‘இல்லை’யிலிருந்தே, ஆன்ட்ரோமீடாவில் அத்தகைய மோதல் நிகழவில்லை என்று 99 விழுக்காட்டுக்கும் மேலான உறுதியுடன் அவர்களால் சொல்ல முடிந்தது. காணாமையும் ஓர் அறிவே.

2010 செப்டம்பரில் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. லைகோவின் பொறுப்பாளர் சிலர், மற்றவர்கள் அறியாமல் ஒரு போலிச் சமிக்ஞையைக் கருவிக்குள் செலுத்தினர். இப்படி நடக்கக்கூடும் என்று மட்டும் அனைவருக்கும் தெரியும். நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் உழைத்து, கண்டுபிடிப்புக் கட்டுரையே எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் உறையைப் பிரித்தபோது அது போலி என்று வெளிப்பட்டது. பொய்ச்சாட்சியை இனம்காணப் பழகுவதற்காகத் தாங்களே ஒரு தாழம்பூவை வீழவிட்டுப் பார்த்த சமூகம் அது.

நம்மவரின் பங்கும் இவ்வரிசையில் உண்டு. 2017 ஜனவரி 4 அன்று உணரப்பட்ட ஓர் ஈர்ப்பலையின் மூலம் இதுதானோ என்று, மங்கிவரும் ஓர் ஒளிப்புள்ளியை வானியலாளர் ஐயுற்றனர். ஏறத்தாழ ஒரு நாள் கழித்து நிகழ்ந்த வேறொரு காமாக் கதிர் வெடிப்பை இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்திருந்தது. அப்பதிவைக் கொண்டு, அந்த ஒளி அவ்வெடிப்பின் எச்சமே, ஈர்ப்பலைக்கு உரியதன்று என்று காட்டினர். ‘இது அதுவல்ல’ என்று சொன்ன அந்தச் சாதனைக்கு நம் நாளிதழ்களில் எத்தனை வரி கிடைத்திருக்கும்?

இத்தனை ‘இல்லை’களுக்குப் பிறகுதான் அந்த ‘உண்டு’ வந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலை வந்து முடிந்த 1.7 விநாடியில், ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைக் கண்டது. சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து புறப்பட்ட இருவர், இரண்டு விநாடிகூட இடைவெளியின்றி நம் வாசலை அடைந்தார்கள். ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. உலகம் அதை உடனே நம்பியதற்குக் காரணம், அதற்கு முன் அவர்கள் பொய் சொல்லாதிருந்ததுதான். பின்னர் 2019-இல் ஆறு மாதங்களில் நிகழ்ந்த 105 வெடிப்புகளை ஆராய்ந்தபோது ஒன்றிலும் ஈர்ப்பலை தென்படவில்லை. அதையும் அவ்வாறே எழுதினார்கள்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இந்தியாவுக்கான லைகோ அமையவிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இடம் அவுண்டாவின் அருகே. ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் நாகநாதர் கோயில் உள்ள ஊர் அது. அந்தத் தற்செயலிலும் முன்னறிவைத் தேடி யாரேனும் வருவார்கள். அது பற்றி எனக்குக் கவலையில்லை. கருவி இயங்கத் தொடங்கியபின், ‘இத்தனை கோடி கொட்டினோமே, என்ன கண்டீர்கள்?’ என்று நாம் கேட்போம் அல்லவா, அப்போது ‘இம்முறையும் காணவில்லை’ என்னும் விடையை நம்மால் மதிக்க முடியுமா என்பதே என் கவலை. தெரியாது என்ற மாணவனைப் பெஞ்சின்மீது ஏற்றிய வகுப்பறைகளில் வளர்ந்தவர்கள் நாம். கண்டேன் என்று சொல்லும்படி பிரம்மாவை நெருக்கும் கூட்டமாக நாமே ஆகிவிடலாம்.

மலையுச்சியில் தீபம் ஏறும் கணத்தில் கைகூப்பும் எவருக்கும் அந்தக் கதை தெரியும். அதில் அன்று உயர்ந்து நின்றது, மண்ணுக்குள்ளிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து உண்மையைச் சொன்னவரின் சொல். விஞ்ஞானத்துக்கு நம் புராணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க ஒன்று வேண்டுமென்றால், அந்தச் சொல்லைக் கொடுப்போம்.